மாமி வைத்த சஹன்

வைத்தியசாலையில் தந்த தாளில் பதினொரு வரிகள் இருந்தன. பத்து வரிகள் சாப்பாட்டைப் பற்றியவை. ஐந்து வாரத்துக்குச் சோறு கூடாது, இறைச்சி கூடாது, ஒரு நேரத்துக்கு நான்கு தேக்கரண்டிக்கு மேல் எதுவும் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது, இப்படி. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. காய்ச்சல், இடது தோளில் வலி, சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூற்றிருபதுக்கு மேல். இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் வரவும்.

எங்கே வரவும் என்று அதில் இல்லை. கொழும்பில் அச்சடித்த தாள். அங்குள்ளவர்களுக்கு அது கேட்கத் தேவையில்லாத கேள்வி. கல்முனையில் இருக்கும் எனக்கு அந்த இடம் எட்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது.

முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். தடித்த எழுத்தில் எதைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, பெரும்பகுதியை வெளியே எடுத்திருந்தார்கள். மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாக்கி, ஓரத்தைச் சின்ன உலோகத் தையல்களால் வரிசையாகப் பிணைத்திருந்தார்கள். அந்த வரிசை ஓரிடத்தில் பிரிந்தாலும் நான் விழுங்குவது வயிற்றுக்குள் கசியும். கசிந்தால் மணிக்கணக்கு முக்கியம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். முதல் மாதம் கவனம் என்றும் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

நூற்று முப்பத்திநான்கு கிலோவில் இருந்தேன். சீனி வருத்தம் இருந்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும். மனைவி பக்கத்தில் விழித்திருந்து தோளைத் தட்டித் தட்டி என்னை மூச்செடுக்க வைத்த காலம் இரண்டு வருடம். ஆகவே போனேன். போகும்போது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. மற்ற எல்லாருக்கும் பித்தப்பையில் கல் என்று சொன்னோம்.

ஏன் அந்தப் பொய் என்று கேட்டால், ஊர் என்ன சொல்லும் என்பதை நான் முன்கூட்டியே எழுதி முடித்திருந்தேன். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சந்தையில் மீன் வாங்கும்போது என் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் சொல்வார்கள். கல் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வீடு வரும் வழியில் வேன் குழியில் விழும்போதெல்லாம் ஒரு தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்திருந்தேன். வந்து இறங்கியதும் முதல் வேலையாக மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். தொண்ணூற்றாறு. எழுதினேன். பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதினேன். எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு. பாணி மருந்துப் போத்தலோடு வரும் சின்ன அளவுக் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தேன். முப்பது மில்லிலீற்றர். அது இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கும். ஏப்பம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பேன். இருமல் வந்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது பிரிகிறதா என்று காத்திருப்பேன்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்த்தான் வாழ்வான். வீடு அவளுடையது. பெற்றோர் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். எங்கள் குசினிக்கும் மாமியின் குசினிக்கும் இடையில் பத்து அடி. இருபத்திரண்டு வருடமாக என் பகல் சாப்பாடு மாமியின் கையால் வருகிறது. மாமி என்னோடு நேராகக் கதைப்பது குறைவு. அறைத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கும் சத்தத்தில். "மருமகனுக்கு இன்னொரு துண்டு இறைச்சி வை புள்ள. ஆள் கூச்சத்தில கேக்காம இரிக்காரு." என் பீங்கான் தட்டில் விழ வந்த கடைசிக் கரண்டியைத் தினமும் நான்தான் கையால் மறித்திருக்கிறேன்.

இந்த வழக்கத்தில் மருமகன் மாமியோடு சண்டை பிடிப்பதில்லை. குரல் உயர்த்தினால் அவனுக்குத்தான் இழுக்கு. மனத்தாங்கல் இருந்தால் சாப்பாட்டைத் தொடாமல் விடுவான். மூடிய பீங்கான் மூடியபடியே பின்வீட்டுக்குத் திரும்பிப் போகும். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

என் பீங்கான் முதல் வாரம் திரும்பிப் போனது. ஒப்பரேஷன்தானே என்று மாமி விட்டுவிட்டார். கஞ்சி வந்தது. இரண்டு கரண்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டாவது வாரம் இடியப்பமும் தேங்காய்ப்பாலில் ஆக்கிய பாலாணமும் வந்தன. திரும்பிப் போயின. முட்டை, பாரை மீன், வட்டிலப்பம். எல்லாம் போயின. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அலுமாரியில் உடுக்கும் சாரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த புரதமாவைக் கரைத்துத் தேக்கரண்டியால் குடித்தேன்.

நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. நான் கொழும்பில் படுத்திருந்த நாட்களில், மனைவியின் தங்கைக்குக் கலியாணப் பேச்சு முடிந்திருந்தது. பேச்சு நடக்கும்போது மூத்த மருமகன் முன்வரிசையில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டதால் நான் இல்லாமலே முடித்துவிட்டார்கள். மனைவி வந்து சொன்னபோது நான் "நல்லது" என்றேன். மாப்பிள்ளை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போது என் விரல் மணிக்கட்டில் இருந்தது, நாற்பத்தியேழில் நின்ற எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மாமி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ஒரு நாள் குசினியில் அவரும் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கதைத்தது என் அறை யன்னலுக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே கல் எடுத்திருந்தார்கள்.

"கல்லெடுத்த ஆளா இது? நான் பத்தாம் நாள் மாட்டிறைச்சி திண்டன் ராத்தா."

"ரெண்டு கரண்டி கஞ்சிக்கு மேல இறங்குதில்ல."

"அப்ப கல்லு வயித்தில இல்ல. பேச்சுக்குக் கூப்பிடல்லண்டு மனசில கெடக்கு."

"நானும் அதத்தான் நினைக்கன்," என்றார் மாமி.

மனைவி அன்றே என்னிடம் வந்தாள். "உம்மாக்குச் சொல்லுவமே. ரெண்டு நாளா அவ சாப்பிடுறல்ல."

"அஞ்சாவது வாரம் முடியட்டும். சோறு திண்டா எல்லாம் சரியாகிரும்."

"அதுக்குள்ள என்ன நடக்குமெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அன்று காலை எண்பத்தாறு, பகல் தொண்ணூறு.

இருபத்துமூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மெதுவாக நடந்து வந்தேன். வீட்டு வாசலில் என் மூத்த சகோதரர் காக்காவின் கெப் வண்டி நின்றது. காக்கா சம்மாந்துறையில் கலியாணம் முடித்தவர், அங்கே வயல் செய்கிறார். உள்ளே பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்து, பூவேலைத் துணியால் மூடியிருந்தது. விருந்துகளில் பலர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தாலம்தான் சஹன். பாயில் காக்காவும் மனைவியின் வாப்பாவான மாமாவும் இருந்தார்கள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. திரைக்குக் கீழே மாமியின் பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில், திரைக்கு வெளியே, மனைவி. அவள் முகத்தைப் பார்த்ததும், கடைசி நேரத்தில்தான் அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று விளங்கியது.

மனத்தாங்கல் உள்ளவர்களை ஒரு சஹனில் இருத்துவது எங்கள் ஊர் வழி. ஒன்றாகக் கை வைத்தால் கதை முடிந்தது. அதன் பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது.

"என்னடா, ராசாக்கு இன்னும் கோவமா?" என்றார் காக்கா.

"கோவமொண்டுமில்ல காக்கா."

"அப்ப இரி. கைய வை. மாமி விடிய சுபஹுக்கு எழும்பி ஆக்கின சாப்பாடு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். வெள்ளத்தில் வீடிழந்தவர்களிடமும் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடமும் போய் நின்று கேள்வி கேட்டவன் நான். என் வாயிலிருந்து அந்த இரண்டு வாக்கியமும் வரவில்லை. பாயில் இருந்தேன். மாமா துணியை எடுத்தார். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, ஈரல் பொரியல். பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன்.

சஹனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முன்னால் உள்ள பகுதிதான் சொந்தம். மற்றவர் பக்கம் கை போகக் கூடாது. மூத்தவர் இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கத்திலும் வைப்பார். வைத்ததைத் தின்று முடிக்க வேண்டும். மாமா எனக்கு இரண்டு துண்டு வைத்தார். காக்கா ஈரலை அள்ளி வைத்தார். "தின்னு, சத்து. காத்துப் போன டயர் மாதிரி கெடக்காய்."

முதல் வாயை ஒரு மாபிள் குண்டு அளவுக்கு எடுத்து முப்பது தடவை மென்றேன். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. சோற்றைக் கையின் ஓரத்தால் காக்காவின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினேன். என் பகுதி சுருங்கினால் தின்றது போல் தெரியும் என்பது என் கணக்கு. காக்கா ஐந்து ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். எல்லை நகர்வது அவர் கண்ணுக்குத் தப்பாது.

"என்னடா, எனக்கிட்ட வரம்பு தள்ளுறாய்?" என்று சிரித்தார். தள்ளிய சோறு முழுவதையும் திரும்ப என் பக்கம் ஒதுக்கினார். மாமாவும் சிரித்தார். திரைக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு மாமி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இறைச்சியை எடுத்தேன்.

ஐந்தாவது வாயில் நின்றது. நெஞ்செலும்புக்குக் கீழே, ஒருவர் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து அழுத்துவது போல. வாயில் எச்சில் ஊறி நுரைத்தது. எழுந்து பின்பக்கம் பைப்படிக்குப் போனேன். நுரை வந்தது, சோறு வரவில்லை. துடைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நூற்றிருபத்திநான்கு. பிழையாக இருக்கலாம் என்று திரும்ப எண்ணினேன். நூற்றிருபத்தெட்டு.

பிறகு இடது தோளைத் தேடினேன். வலிக்கிறதா? வலிக்கும் என்று நான் நினைப்பதால் வலிக்கிறதா? அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. எந்தச் செய்தியிலும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. இனி மணிக்கணக்கு முக்கியம் என்ற வாக்கியம் மட்டும் தெளிவாக இருந்தது. நேரம் ஒன்று ஐம்பது.

காக்கா பின்னால் வந்து நின்றார். "நெஞ்சா?"

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

கெப்பில் ஏற்றினார். மனைவி பின்னால் ஏறினாள். வெள்ளிக்கிழமை வீதி, பள்ளிவாசலால் வந்த சனம் இன்னும் கலையவில்லை. காக்கா ஹோர்னில் கை வைத்தபடி ஓட்டினார். "டொக்டருக்கிட்ட நெஞ்சுவலி, போன மாசம் கல்லெடுத்ததெண்டு நான் சொல்லுறன். நீ கதைக்காத."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. வீட்டில் சொன்ன பொய் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள் போகப் போகிறது. அவர்கள் இதயத்தைப் பார்ப்பார்கள், பித்தப்பையைத் தேடுவார்கள். தையல் வரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"காக்கா, கல்லில்ல. இரைப்பைய வெட்டின."

ஒரு சந்தி தாண்டினோம். "எவ்வளவு?"

"முக்காவாசி."

இன்னொரு சந்தி. "அப்ப நான் வைச்ச ஈரல் இப்ப எங்க இரிக்கி?"

"அதத்தான் பாக்கணும்."

பின்னால் மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். காக்காவின் கால் கீழே அழுந்தியது.

கடமையில் ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். என்ன சத்திரசிகிச்சை, எத்தனையாம் நாள், என்ன சாப்பிட்டேன், எத்தனை வாய், எத்தனை மணிக்கு. குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். அவர் அத்தனை நாள் நாடித்துடிப்புகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் எழுதின ஆள் எப்பிடி இறைச்சி சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். சேலைன் ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். சாயத் தண்ணீர் இரண்டு மிடறு குடிக்கத் தந்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தக் காத்திருப்பில் கட்டிலில் படுத்தபடி என் ஜனாஸா அறிவித்தலை, மரணச் செய்தியை, தயாரித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, அது தானாக வந்தது. இன்னாரின் கணவரும், இன்னாரின் மூத்த மருமகனும். நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எங்கள் அறிவித்தல்களில் காரணம் போடுவதில்லை. அதை ஊர் போட்டுக்கொள்ளும். இந்தத் தடவை ஊர் மாமியின் பெயரைப் போடும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சோறு கொடுத்த கை.

வெளியே நடையில் காக்கா மாமியிடம் தொலைபேசியில் கதைத்தார். காக்காவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது.

"கல்லில்ல மாமி. இரைப்பையத்தான் வெட்டியிரிக்காங்க. ஓம். ஓம், இரைப்பை. கொழுப்புக் குறைக்க. இல்ல, கோவமில்ல. கோவமே இல்ல. சோறு போறத்துக்கு இடமில்ல, அவ்வளவுதான்."

"அழாதீங்க மாமி," என்றார். "நாந்தான் ஈரல வைச்ச."

பின்நேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஓங்காளம் வந்தது. விரல் நகமளவு இறைச்சித் துண்டு ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. உள்ளிருந்து அழுத்திய கை எடுபட்டது. அரை மணி நேரத்தில் நாடித்துடிப்பு நூற்றிநான்குக்கு இறங்கியது. ஸ்கேன் முடிவோடு டொக்டர் வந்தார். கசிவு இல்லை. "இந்த முறை தையல் தாங்கிட்டு," என்றார்.

இந்த முறை என்ற இரண்டு சொற்களை நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் மாமி திரையை ஒதுக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. முந்தானையால் தலையை இழுத்து மூடியிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே மருமகன். என்ட கையால ஒங்கள மௌத்தாக்கப் பாத்தீங்களே."

"மாப்புச் செய்யுங்க மாமி."

"அந்தத் தையல் இப்ப வெடிக்குமா?"

"தெரியாது மாமி. நாள் போகப் போகப் பயம் குறையுமாம்."

"எத்தின நாள்?"

மாமி வைத்தியசாலைத் தாளைக் கேட்டார். ஆங்கிலத்தில் இருந்தது. பதினொரு வரிகளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குசினி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நாடி எங்க பிடிக்கிற?" என்று கேட்டார். என் மணிக்கட்டில் தொட்டுக் காட்டினேன். அவர் தன் மணிக்கட்டில் தேடிப் பிடித்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினார்.

அதன் பிறகு இரண்டு பேருக்குப் பயம். நான் சாப்பிடும் போதெல்லாம் திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும். பீங்கான் வருவது நின்று, சீனி வைக்கும் சின்னக் கிண்ணத்தில் மசித்த பருப்பு வந்தது. இருமினால் பின்வீட்டிலிருந்து ஓடி வருவார். ஆறாவது வாரம் என் சட்டைத் தோள் கீழே இறங்கித் தொங்கியது. சந்தையில் ஆட்கள் கேட்டார்கள். எதிர்பார்த்தபடியே முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நான் அஞ்சியது அதற்குத்தான் என்பதை நினைக்கவே ஆச்சரியமாக இருந்தது.

அறுபத்தைந்தாம் நாள் மனைவியின் தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் சஹனில் மூத்த மருமகன் இருந்தே ஆக வேண்டும். தனிப் பீங்கானில் சாப்பிட்டால் இந்த வீட்டில் ஏதோ பிரச்சினை என்று மாப்பிள்ளை வீட்டார் வாசித்துவிடுவார்கள். மென்று தின்றால் சோறு கொஞ்சம் எடுக்கலாம் என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கேட்டேன், நம்பவில்லை.

எனக்கு இடப்பக்கம் காக்கா வந்து இருந்தார். மாமிதான் அந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறார். துணி எடுபட்டதும் காக்கா என் காதுக்குள் சொன்னார். "வரம்பத் தள்ளுடா. முழுசாத் தள்ளு."

தள்ளினேன். அவர் இரண்டு பேருக்குத் தின்றார். நான் மாபிள் அளவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மென்று இறக்கினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நெஞ்செலும்புக்குக் கீழே கவனம் வைத்துக் காத்திருந்தேன். நான்கு. ஐந்து. அப்போது மாப்பிள்ளையின் பெரியவாப்பா அன்போடு ஒரு பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து எனக்கு முன்னால் வைத்தார். சஹனில் வைத்ததை மறுக்க முடியாது. கை அதை எடுத்துவிட்டது.

"போதும் மருமகன்."

மாமியின் குரல். பெண்கள் பக்கத் திரையைத் தாண்டி, மண்டபம் முழுவதும் கேட்க. மாமி ஒருவர் மருமகனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதை எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரியவாப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பக்கத்துச் சஹன்களிலும் தலைகள் திரும்பின.

"வயித்தில ஒப்பரேஷன் செய்த ஆள்," என்றார் மாமி, அதே சத்தத்தில். "இரைப்பைய வெட்டினது. குறைவாத்தான் திண்ணலாம்."

இறைச்சியைக் கீழே வைத்தேன். இடது கை விரல்களை வலது மணிக்கட்டில் வைத்து, எதிர்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். யாரும் சாப்பிடவில்லை.

"எவ்வளவு?" என்றார் காக்கா.

"நூற்றிரண்டு."

காக்கா திரைப் பக்கம் தலையைத் திருப்பினார். "மாமி, நூற்றிரண்டாம்."

"திரும்ப ஒருக்கா எண்ணச் சொல்லுங்க," என்றார் மாமி.